சர்வீஸுக்கு விட்ட காரை ஷெட்காரர் சொந்தத்துக்கு ஓட்டினால்: பிடிப்பது எப்படி, கேட்பது எப்படி

சாவியைக் கொடுத்துவிட்டு வந்த கார் மூன்று நாள் கழித்துக் கைக்கு வருகிறது. மீட்டரில் 140 கிலோமீட்டர் கூடியிருக்கிறது. பாதி டேங்க் இருந்த பெட்ரோல் ரிசர்வுக்கு வந்துவிட்டது. டிரைவர் சீட் பின்னுக்குப் போயிருக்கிறது, கதவுப் பையில் யாரோ சாப்பிட்டுப் போட்ட பார்சல் கவர். கேட்டால், "டிரையல் பார்த்தோம் சார்." அதற்கு மேல் பேச்சு நகராது.

இந்த இடத்தில் பலரும் கோபத்தில் நாலு வார்த்தை பேசிவிட்டு, பில்லைக் கட்டி, இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று கிளம்பிவிடுகிறார்கள். சட்டம் வண்டிக்காரர் பக்கம் உறுதியாகவே இருக்கிறது. கையில் ஆதாரம் இல்லாததால்தான் தோற்கிறார்கள். அந்த ஆதாரத்தில் முக்கால்வாசி, சாவியைக் கொடுப்பதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் உருவாக வேண்டியது.

முதலில் சட்டம், சுருக்கமாக. ஒரு வேலைக்காகப் பொருளை ஒருவரிடம் ஒப்படைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறுவதை இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 தனியாக வகைப்படுத்துகிறது (பிரிவு 148). வாங்கி வைத்திருப்பவர் அதைத் தன் சொந்தப் பொருளைப் போலக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் (பிரிவு 151). நமக்கு முக்கியமானது பிரிவு 154. ஒப்படைத்த நோக்கத்துக்கு மாறாகப் பொருளைப் பயன்படுத்தினால், அந்தப் பயன்பாட்டின்போது வரும் சேதம் முழுவதற்கும் அவரே பொறுப்பு. சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: கல்கத்தாவில் ஒருவர் காசிக்குப் போவதாகச் சொல்லிக் குதிரையை வாடகைக்கு எடுக்கிறார், ஆனால் கட்டாக்குக்கு ஓட்டிப் போகிறார். கவனமாகத்தான் ஓட்டுகிறார். ஆனாலும் குதிரை தற்செயலாக விழுந்து அடிபடுகிறது. நஷ்டஈடு அவர் கொடுத்தே ஆக வேண்டும். குதிரை இருக்கும் இடத்தில் காரை வைத்துப் பாருங்கள். "பார்த்துத்தான் ஓட்டினோம், குறுக்கே மாடு வந்துவிட்டது" என்ற சமாதானம் அங்கே எடுபடாது. மெக்கானிக் கவனக்குறைவாக ஓட்டினார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. பழுதுபார்ப்புக்குத் தொடர்பில்லாமல் ஓட்டினார் என்று காட்டினால் போதும். அதனால் நம் வேலை முழுவதும் இரண்டு விஷயத்தில் அடங்குகிறது: எதற்காகக் கொடுத்தோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், அதற்கு மேல் ஓடியது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

சாவியைக் கொடுக்கும் முன் பத்து நிமிடம்

இக்னிஷனை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், டேஷ்போர்டை நேருக்கு நேர் படம் எடுங்கள். ஓடோமீட்டர், எரிபொருள் அளவு, எரியும் எச்சரிக்கை விளக்குகள், கடிகாரம் நான்கும் ஒரே படத்தில் விழ வேண்டும். டிரிப் ஏ மீட்டரையும் சராசரி மைலேஜையும் பூஜ்யமாக்கி இன்னொரு படம். டிரிப் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அதை யார் வேண்டுமானாலும் அழுத்திப் பூஜ்யமாக்கலாம், சில வண்டிகளில் பேட்டரி வயரைக் கழற்றினாலே அழிந்துவிடும். ஓடோமீட்டர் எண் அப்படி அழியாது. பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் மாதிரி கேபிளில் ஓடும் மீட்டர் உள்ள வண்டிகளில் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்ட முடியும். அங்கே எரிபொருள் கணக்கும் ஜிபிஎஸ்ஸும்தான் துணை.

பிறகு வண்டியைச் சுற்றி ஒரே ஓட்டமாக வீடியோ, மூன்று நிமிடம் போதும். முன் நம்பர் பிளேட்டில் தொடங்கி ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொரு டயருக்கும் குனிந்து, பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைக் காட்டுங்கள். 2323 என்று இருந்தால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. டயர் மாற்றப்பட்டால் இந்த நான்கு இலக்கம் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து பானட்டைத் திறந்து பேட்டரியின் பிராண்டு, சீரியல் எண். டிக்கியில் பாயைத் தூக்கி ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர். கடைசியாக உள்ளே ஸ்டீரியோ, மிதியடிகள், இரண்டாவது சாவி கொடுத்திருந்தால் அதுவும். ஏற்கெனவே உள்ள கீறல்களை மறைக்காமல் காட்டுங்கள். உங்கள் வீடியோ நேர்மையானது என்பதற்கு அதுவே சாட்சி.

எடுத்தவுடன் அதே இடத்தில் நின்று ஷெட் முதலாளியின் அல்லது சர்வீஸ் அட்வைஸரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். கூடவே ஒரு வரி: "41,286 கி.மீ., பெட்ரோல் பாதி டேங்க், இன்று காலை 10.20-க்கு வண்டி ஒப்படைத்தேன்." இரண்டு நீலக் குறி விழுந்தால் தேதியும் நேரமும் மறுக்க முடியாததாகிவிடும். தெரு ஓரத்து ஷெட்டில் ஜாப் கார்டு, அதாவது செய்ய வேண்டிய வேலைகளை எழுதிய சீட்டு, தர மாட்டார்கள். அங்கே இந்த ஒரு மெசேஜ்தான் உங்கள் ஜாப் கார்டு.

கம்பெனி சர்வீஸ் சென்டராக இருந்தால் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன் பொடி எழுத்தைப் படியுங்கள். "பரிசோதனைக்காக ஊழியர்கள் வாகனத்தை ஓட்ட அனுமதிக்கிறேன்" என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அதை அடிக்கச் சொன்னால் சண்டைதான் வரும், ஓட்டிப் பார்க்காமல் பல வேலைகளை முடிக்கவும் முடியாது. அதன் பக்கத்தில் கையால் எழுதுங்கள்: "டிரையல் 8 கி.மீ.க்குள். அதற்கு மேல் தேவைப்பட்டால் போனில் கேட்கவும். இரவில் வளாகத்தை விட்டு வெளியே எடுக்க வேண்டாம்." அந்த வரி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிவு 154 கேட்கும் நிபந்தனை இதுதான். வாய்ச்சொல்லாக இருந்தது எழுத்தாகிவிட்டது. பெயிண்டிங், டிங்கரிங் போன்ற வேலைகளை வேறு பட்டறைக்கு அனுப்புவார்களா என்று கேட்டு, அந்த இடத்தின் பெயரையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். "வெளியே லேத்துக்குப் போச்சு" என்ற பதிலுக்கு அப்போது இடம் இருக்காது.

ஆர்சி, இன்சூரன்ஸ் அசலை வண்டியில் விடாதீர்கள். எம்பரிவாகன் அல்லது டிஜிலாக்கர் செயலியில் உள்ளது போதும். ஷெட்டுக்கு நகல் தந்தால் தாராளம். அசல் இல்லாத வண்டியை நீண்ட தூரம் எடுக்க ஓட்டுபவர்கள் தயங்குவார்கள்.

கண்காணிக்கும் கருவிகள்

புளூலிங்க், கியா கனெக்ட், ஐ-ஸ்மார்ட், சுசுகி கனெக்ட் மாதிரி இணைய வசதி உள்ள கார்களில் கூடுதலாக எதுவும் வாங்க வேண்டாம். செயலியில் ஜியோஃபென்ஸ் வசதி இருந்தால், ஷெட்டை மையமாக வைத்து 3 கி.மீ. வட்டம் போடுங்கள், வண்டி தாண்டினால் போனில் தகவல் வரும். வேக எச்சரிக்கையை 60-இல் வையுங்கள். சில மாடல்களில் வாலே மோட் உண்டு. அதைப் போட்டால் உங்கள் வீட்டு முகவரி, போன் தொடர்புகள் திரையில் தெரியாது. ஷெட்டுக்குக் கொடுக்கும்போது இது கட்டாயம் தேவை.

பழைய காருக்கு ஓபிடி சாக்கெட்டில் (பழுது பார்க்க ஸ்கேனர் செருகும் இடம்) செருகும் ஜிபிஎஸ் கருவி சுலபம். ஆனால் ஷெட்டில் ஸ்கேனர் போடும்போது முதலில் பிடுங்குவதும் அதைத்தான். பேட்டரியிலிருந்து நேரடியாக வயர் எடுத்து, டேஷ்போர்டுக்குள் பொருத்தும் கருவி நிலைக்கும். டேஷ்கேமில் பார்க்கிங் மோட் வேண்டுமானால் சிகரெட் லைட்டர் பிளக் போதாது. ஃபியூஸ் பாக்ஸில் மூன்று வயர் கிட் போட வேண்டும், பேட்டரி மின்னழுத்தம் இறங்கினால் தானே நின்றுவிடும்படி.

கேமரா இருப்பதை மறைக்க வேண்டாம், சொல்லியே கொடுங்கள். "வண்டியில் கேமரா ஓடுது, நிறுத்தணும்னா சொல்லிட்டு நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பிரச்சினை வராமலே போகும். மைக்கை அணைத்துவிடுங்கள். ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் பேசுவது நமக்கு வேண்டாத விஷயம், சாலை தெரிந்தால் போதும்.

கருவி இடையில் அணைந்திருந்தால் உடனே திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள். வெல்டிங் செய்யும்போது பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுவது சரியான முறைதான், இல்லாவிட்டால் ஈசிஎம் எனும் எஞ்சின் கணினி போய்விடக்கூடும். ஆனால் ஆயில் சர்வீஸுக்கு விட்ட வண்டியில் கேமரா ஆறு மணிநேரம் இருட்டாக இருந்து, அதே நேரத்தில் மீட்டர் 70 கி.மீ. ஏறியிருந்தால் அதற்குப் பதில் கேட்க வேண்டும்.

எத்தனை கிலோமீட்டர் நியாயம்?

எல்லா ஓட்டமும் துஷ்பிரயோகம் ஆகாது. இதை முதலில் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் பேசும்போது வார்த்தை நிற்கும். ஆயில், ஃபில்டர், வாட்டர் வாஷ் போன்ற வழக்கமான சர்வீஸுக்கு 2 முதல் 5 கி.மீ. தாராளம். வீல் அலைன்மென்ட், சஸ்பென்ஷன், பிரேக் பேட் மாற்றினால் 5 முதல் 10. எப்போதாவது வரும் சத்தம், சூடானால் மட்டும் நிற்கும் எஞ்சின், ஏசி விட்டுவிட்டுக் குளிர்வது போன்ற புகார்களுக்கு 20, 30 கி.மீ. ஓட்டினாலும் நியாயம் இருக்கலாம். பிஎஸ்-6 டீசலில் டிபிஎஃப் எனும் புகைக்கரி ஃபில்டர் அடைத்திருந்தால், அதை எரித்துச் சுத்தம் செய்ய நிறுத்தாமல் நல்ல வேகத்தில் 15, 20 நிமிடம் நெடுஞ்சாலையில் ஓட்டுவது வழக்கம்தான். எஞ்சின் விளக்கு அணைந்தது உறுதியாக வேண்டுமானாலும் சில முறை ஓட்டத்தான் வேண்டும்.

சென்னையில் வேளச்சேரி ஷெட்டில் விட்ட கார் புதுப்பேட்டைக்கு ஸ்பேர் வாங்கப் போய் வந்தால் ஏறக்குறைய 25 கி.மீ. கூடும். உங்கள் வண்டிக்கே ஸ்பேர் வாங்கப் போனாலும் அது டிரையல் ஆகாது. ஸ்பேர் கொண்டுவருவது ஷெட்டின் வேலை, அதற்கு அவர்களிடம் வண்டி இருக்க வேண்டும். இரவு மெக்கானிக் வீட்டுக்குப் போய், காலையில் திரும்பி வந்த வண்டியின் பதிவில் ஒரே அளவில் இரண்டு ஓட்டம் தெரியும். செயலியின் டிரிப் பட்டியலில் மாலை 8.40-க்கு 14 கி.மீ., காலை 9.10-க்கு 14 கி.மீ. என்று இருந்தால் விளக்கம் தேவையில்லை.

மீட்டர் ஏறாமலே நடக்கும் ஒரு துஷ்பிரயோகமும் உண்டு. மதிய வெயிலில் ஏசி போட்டு வண்டிக்குள் தூங்குவது. நின்ற இடத்தில் ஏசியோடு ஓடும் சிறிய பெட்ரோல் எஞ்சின் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும். கிலோமீட்டர் கூடாமல் எரிபொருள் முள் இறங்கி, பூஜ்யமாக்கி வைத்த சராசரி மைலேஜ் 15-க்குப் பதில் 4 அல்லது 5 என்று காட்டும். டிரிப் கணினியில் ஓட்டிய நேரமும் தெரியும் மாடல் என்றால், 6 கி.மீ.க்கு மூன்று மணிநேரம் என்று வெட்டவெளிச்சமாகிவிடும். நேரம் ஏறாமல் எரிபொருள் மட்டும் குறைந்திருந்தால் டேங்கிலிருந்து உறிஞ்சியிருக்கலாம்.

வண்டியை எடுக்கும்போது

பில் கட்டும் முன் வண்டியைப் பாருங்கள், பகல் வெளிச்சத்தில். முதல் வேலை அதே டேஷ்போர்டு படம், அதே கோணத்தில். பிறகு அதே சுற்றில் வீடியோ. பழைய வீடியோவை இன்னொரு போனில் ஓடவிட்டு ஒப்பிட்டால் எதுவும் தப்பாது. டயர் எண்கள், பேட்டரி சீரியல், ஸ்டெப்னி. பம்பரின் கீழ் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். வெளியே பளபளப்பாகக் கழுவியிருந்தாலும் கீழே உரசல் கைக்குத் தெரியும். புது பெயிண்ட் வாசனை, கதவுக்கும் ஃபெண்டருக்கும் இடையில் இடைவெளி மாறியிருப்பது, போல்ட் தலையில் ஸ்பேனர் தடம் ஆகியவை மறைத்த விபத்தின் அடையாளம்.

மாற்றியதாகச் சொல்லும் பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், பெல்ட் எல்லாவற்றையும் காட்டச் சொல்லலாம். கொடுக்காவிட்டால் மாற்றாமலே விட்டிருக்கலாம், அல்லது நல்ல பாகத்தைக் கழற்றி வேறு வண்டிக்குப் போட்டிருக்கலாம். வண்டியை விடும்போதே "பழைய பாகங்கள் எனக்கு வேண்டும்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் இந்தப் பேச்சு எளிது.

கையில் ஒரு புளூடூத் ஓபிடி கருவி இருந்தால் இன்னொரு சோதனை. பல வண்டிகளின் கணினி, பிழைக் குறியீடுகளை கடைசியாக அழித்த பிறகு ஓடிய தூரத்தைச் சேமித்து வைத்திருக்கும். ஷெட்டில் ஸ்கேனர் போட்டுக் குறியீட்டை அழித்த பிறகு 90 கி.மீ. ஓடியதாக அது காட்டினால், பழுது சரியான பின்பும் வண்டி ஊர் சுற்றியிருக்கிறது என்று பொருள். எல்லா மாடலும் இந்த எண்ணைத் தராது, தந்தால் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபாஸ்டேக் கணக்கையும் பரிவாகன் இ-சலான் தளத்தையும் அன்றே பாருங்கள். வண்டி ஷெட்டில் இருந்த தேதியில் சுங்கச்சாவடிக் கழிவோ, சிக்னல் தாண்டிய அபராதமோ வந்திருந்தால் கோபத்தை விட்டுவிட்டு அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். இடம், நேரம், சில சமயம் ஓட்டியவர் படம்கூட இருக்கும். இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

முதல் பேச்சு

ஆதாரத்தை முதலில் காட்டாதீர்கள். கேள்வியை முதலில் கேளுங்கள். பத்து வருடப் பழக்கமுள்ள மெக்கானிக்காக இருந்தாலும் முறை இதுதான்: "அண்ணே, டிரையல் யார் ஓட்டிப் பார்த்தது? எதுவரைக்கும் போனீங்க?" பதில் வரட்டும். "நம்ம பையன்தான், பக்கத்துல ரவுண்டானா வரைக்கும்" என்பார். அதை வாங்கிய பிறகு மீட்டர் படத்தைக் காட்டுங்கள். முதலிலேயே 140 கி.மீ. என்று சொல்லிவிட்டால், 140-க்கு ஏற்ற கதை தயாராகிவிடும்.

பெரும்பாலான முதலாளிகளுக்கு இது தெரியாமல் நடக்கும். வேலை செய்கிற பையனைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவது எந்தப் பயனும் தராது. பொறுப்பு முதலாளியுடையது, பேச்சும் அவரோடுதான். அவர் ஒப்புக்கொண்டு, எரிபொருள் காசையும் லேபர் கட்டணத்தில் ஒரு பகுதியையும் தள்ளுபடி செய்தால், நியாயமாக இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் பில்லில் எழுதி வாங்குங்கள்: "அனுமதியின்றி ஓடிய 140 கி.மீ.க்காகக் கழிவு." வெறும் தள்ளுபடி என்று போட்டால், நாளைக்கு அது நல்லெண்ணச் சலுகை ஆகிவிடும்.

சமாதானம் ஆகவில்லை என்றால் பில்லைக் கட்டாமல் வண்டியை எடுக்க முயலாதீர்கள். செய்த வேலைக்கான கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைத்திருக்க பட்டறைக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு உரிமை தருகிறது. கட்டுங்கள். பில்லின் இரண்டு பிரதியிலும் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், ஓடோமீட்டர் 41,426, ஒப்படைத்தபோது 41,286" என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். யுபிஐயில் கட்டினால் குறிப்பிலும் அதையே எழுதலாம். பில்லே தர மறுத்தால் அது தனிக் குற்றச்சாட்டு: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பில் தராததை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே பட்டியலிட்டிருக்கிறது.

அன்று மாலையே எழுத்தில்

அன்று இரவுக்குள் மெயிலோ வாட்ஸ்அப்போ போக வேண்டும். காரணம் சிசிடிவி. பெரும்பாலான கேமராக்களில் பழைய பதிவு சில நாள்களிலேயே மேலெழுதப்பட்டுவிடும். கேட்காமல் விட்டால் போனது போனதுதான். மாதிரி இதோ:

"ஐயா, எனது காரை 12-ஆம் தேதி காலை 10.20-க்கு 41,286 கி.மீ.யில் ஆயில் சர்வீஸுக்காக உங்களிடம் ஒப்படைத்தேன். 15-ஆம் தேதி மாலை 41,426 கி.மீ.யில் திரும்பப் பெற்றேன். 140 கி.மீ. ஓட நான் அனுமதி தரவில்லை. வண்டியை ஓட்டியவர் யார், எந்த நாளில், எதற்காக என்ற விவரத்தை ஏழு நாளில் எழுத்தில் தரவும். 12 முதல் 15-ஆம் தேதி வரையிலான வாயில் பதிவேட்டையும் சிசிடிவி பதிவையும் அழிக்காமல் வைத்திருக்கவும். எரிபொருள், வாடகை வண்டிச் செலவு, லேபர் கட்டணம் ஆகியவற்றைத் திருப்பித் தரவும்."

திட்டு வேண்டாம், மிரட்டல் வேண்டாம். எண்களே பேசட்டும். கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால் பிரதி ஒன்றை டீலரின் பொது மேலாளருக்கும் இன்னொன்றை கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் அனுப்புங்கள். கம்பெனியிலிருந்து கேள்வி வந்தால் டீலர் அசைவது வழக்கம். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். அது நீதிமன்றம் கிடையாது, நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பி சமரசம் செய்யும் ஏற்பாடு. பெரிய டீலர்களிடம் பலன் உண்டு, தெருமுனை ஷெட்டிடம் எதிர்பார்க்காதீர்கள்.

டிரையலில் இடித்துவிட்டால்

இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. "சார், உங்க இன்சூரன்ஸ்லயே கிளைம் போட்டுடலாம். நீங்க ஓட்டினதா ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, ஒரு ரூபா செலவில்லை." போடாதீர்கள். ஓட்டாதவர் ஓட்டியதாகக் கிளைம் படிவத்தில் எழுதுவது பொய் வாக்குமூலம். தெரியவந்தால் கிளைம் நிராகரிக்கப்படும், பழி உங்கள் மேல். கிளைம் கிடைத்தாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். சொந்தச் சேதப் பிரீமியம் 12,000 ரூபாய், நோ கிளைம் போனஸ் (கிளைம் செய்யாத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டிலேயே 6,000 ரூபாய் போய்விடும். மறுபடி 50 சதவீதத்தை எட்ட ஐந்து ஆண்டு ஆகும்.

இன்னொன்றும் கவனியுங்கள். தனியார் கார் பாலிசியின் பயன்பாட்டு வரம்பில் வாடகை, பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றோடு வாகனத் தொழில் தொடர்பான பயன்பாடும் விலக்கப்பட்டிருக்கும். உங்கள் பாலிசியில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். ஷெட்டின் கையில் இருக்கும்போது நடந்த சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி அதைச் சுட்டிக்காட்ட வாய்ப்பு உண்டு. பட்டறைகளுக்கென்று தனி மோட்டார் டிரேட் பாலிசி இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள். இல்லையென்றால் முதலாளி தன் காசில் சரிசெய்ய வேண்டும், அசல் பாகம் போட்டு, வேறு பட்டறையின் ஆய்வு அறிக்கையோடு. பழுதுபார்க்கும் முன் படங்களும் மதிப்பீடும் உங்கள் கையில் இருக்கட்டும்.

யாருக்காவது காயம் பட்டிருந்தால் தாமதமே கூடாது. அன்றே உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மூன்றாம் நபர் இழப்பீட்டு வழக்கில் பதிவு உரிமையாளர் என்ற முறையில் உங்கள் பெயரும் வரும். போலீஸ் கேட்டால் ஓட்டியவர் பெயர், முகவரி, லைசன்ஸ் விவரம் தருவது மோட்டார் வாகனச் சட்டம் 133-ஆவது பிரிவின்படி உரிமையாளரின் கடமை. ஷெட்டில் அந்தத் தகவலை எழுத்தில் வாங்கி, ஜாப் கார்டு நகலோடு கொடுங்கள்.

போலீஸுக்கு எப்போது?

30 கி.மீ. கூடுதலாக ஓடியதற்கு ஸ்டேஷன் போனால் "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள். பாகம் காணாமல் போனது, விபத்தை மறைத்தது, வண்டியைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது, உங்கள் வண்டி வேறு குற்றத்துக்குப் போயிருக்கும் என்ற சந்தேகம் ஆகியவற்றுக்குக் கட்டாயம் போங்கள். கடைசி வகையில் புகார் தேதியே உங்களுக்குப் பாதுகாப்பு.

நம்பி ஒப்படைத்த பொருளை நேர்மையற்ற எண்ணத்தோடு பயன்படுத்துவது பாரதிய நியாய சம்ஹிதா 316-ஆவது பிரிவின்படி நம்பிக்கை மோசடி, தண்டனை ஐந்து ஆண்டு வரை. உரிமையாளர் அனுமதியின்றி வண்டியை எடுத்து ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 197-ஆவது பிரிவில் வரும்: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகாரில் இந்த எண்களைவிட தேதி, மீட்டர் எண், காணாமல் போன பாகத்தின் சீரியல் எண் ஆகியவை முக்கியம். தமிழ்நாட்டில் எஃப்ஐஆர் போடாவிட்டாலும் புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்காமல் வராதீர்கள். வாங்கவே மறுத்தால் புகாரை எஸ்பிக்கு, மாநகரமானால் துணை ஆணையருக்கு அஞ்சலில் அனுப்பலாம். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட வழி இருக்கிறது.

நுகர்வோர் ஆணையம்

பணம் திரும்ப வர வேண்டுமென்றால் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஷெட் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தில் தாக்கல் செய்யலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, இணையவழித் தாக்கலும் உண்டு. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சொந்தப் பிழைப்புக்காக ஒரே டாக்சியை ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான். வணிகப் பயன்பாடு என்று எதிர்த்தரப்பு சொன்னால், சுயதொழில் விளக்கம் சட்டத்திலேயே இருப்பதைக் காட்டுங்கள்.

மனுவோடு ஜாப் கார்டு, பில், இரண்டு டேஷ்போர்டு படம், நீங்கள் அனுப்பிய மெயில், வாட்ஸ்அப் உரையாடல், ஃபாஸ்டேக் கணக்கு, பிரமாணப் பத்திரம். படமும் வீடியோவும் மின்னணு ஆவணம் என்பதால் பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழையும் இணைத்துவிடுவது நல்லது. அசல் கோப்பைப் போனிலிருந்து அழிக்காதீர்கள். வாட்ஸ்அப் வழியாகச் சுற்றி வந்த பிரதியில் எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்கள் உதிர்ந்துவிடும்.

என்ன கேட்பது என்பதில் கணக்கு வேண்டும். 140 கி.மீ.யை 15-ஆல் வகுத்தால் சுமார் 9.3 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால் 930. இது சிறிய தொகைதான். அதோடு வண்டி இல்லாத நாள்களின் டாக்சி செலவு, அபராதம், சுங்கம், சேத மதிப்பீடு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு. ஒவ்வொன்றுக்கும் ரசீது. 930 ரூபாய் எரிபொருளுக்கு 10 லட்சம் கேட்கும் மனு, மற்ற நல்ல கோரிக்கைகளையும் சேர்த்து மதிப்பிழக்க வைக்கும். தயாரிப்புக் குறை இல்லாதபோது கார் கம்பெனியையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது வழக்கை இழுக்கத்தான் உதவும்.

எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும். மேலும் 15 நாள் வரை அனுமதிக்கலாம், அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச்சில் உறுதி செய்திருக்கிறது. பதிலில் "உரிமையாளர் பொறுப்பில் வாகனம் நிறுத்தப்படுகிறது என்று போர்டு வைத்திருக்கிறோம்" என்பார்கள். அதற்கு 2019 நவம்பர் 14 தீர்ப்பு இருக்கிறது. 1998-இல் டெல்லி ஹோட்டல் ஒன்றில் வாலே பார்க்கிங்குக்குக் கொடுத்த மாருதி ஜென் திருடுபோன வழக்கு அது. சாவியை வாங்கிக்கொண்ட பிறகு, அந்த வாசகத்தைக் காட்டித் தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து ஹோட்டல் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சாவியை வாங்கிய பட்டறைக்கும் இதே வாதத்தை வையுங்கள். மனுவின் தேதிப் பட்டியலுக்கு அடுத்த பக்கத்திலேயே அந்தத் தீர்ப்பின் நகலை வைத்துவிட்டால், போர்டைப் பற்றிய பேச்சு முதல் வாய்தாவிலேயே முடியும்.